கால் சுற்று

எஞ்சினைப் படகிலிருந்து இறக்கி முப்பத்தெட்டு நாளாகியிருந்தது. ஒர்க்‌ஷாப்பின் நடுவில், இரும்புத் தாங்கியின் மேல், புதுச் சாயம் பூசிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. மேல்பக்கம் மட்டும் இன்னும் வாய் திறந்து கிடந்தது. அந்த வாயைத் துணியால் மூடி, துணி பறக்காமலிருக்க ஒரு ஸ்பேனரை வைத்திருந்தார் மெக்கானிக்.

“அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? ரெண்டுக்கும் மேல உக்கார்ற பாகம் வேற. டேங்க்ல இருந்து வர்ற பைப்பும் வேற. ஒண்ண மாட்டிட்டா அப்புறம் மாத்துறது பெரும்பாடு.”

“இதுல கேக்க என்ன இருக்கு? பழசையே மாட்டு,” என்றார் படகுக்காரர். “இருபத்திரண்டு வருஷம் ஓடின கார்புரேட்டர். நீயே சொன்ன, கழுவினா புதுசு மாதிரி இருக்குன்னு.”

“கார்புரேட்டர் நல்லாத்தான் இருக்கு. நான் அதுக்குச் சொல்லல. இன்ஜெக்‌ஷன்னா பெட்ரோல் அளவ அதுவே பாத்துக்கும், யாரும் திருக வேண்டாம்…”

“ஊசியெல்லாம் ஆஸ்பத்திரியில போட்டுக்கலாம். எஞ்சினுக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்தபடியே கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகுக்குச் சாயம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பின்வாசல் வழியாகப் போனார்.

கரையில் அவருக்குக் காதண்ணன் என்று பெயர். பட்டப்பெயர்தான். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். பிறகு கார்புரேட்டரின் அடியிலிருக்கும் திருகை ஒரு கால் சுற்று திருப்புவார். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும், காற்று எவ்வளவு போக வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கால் சுற்றுக்குள் அடங்கியது. மற்ற படகுக்காரர்களும் தங்கள் எஞ்சின் முரண்டு பிடித்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் மனைவியை எல்லோரும் டிக்கெட்டக்கா என்பார்கள். எதிர்க்கரையில் மீனைச் சுத்தம் செய்து பெட்டியில் அடைக்கும் கொட்டகைகள் இருந்தன. அங்கே வேலை செய்கிறவர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவருவதுதான் அந்தப் படகின் பிழைப்பு. அவர் சக்கரத்தைப் பிடிப்பார், அவள் டிக்கெட் கொடுப்பாள். இந்த முப்பத்தெட்டு நாளும் அந்த ஜனங்கள் இரண்டு பஸ் மாறிப் பாலம் சுற்றிப் போய்வந்தார்கள். கடைத்தெருவில் அவளைக் கண்டால் நிறுத்திவிடுவார்கள். “எப்ப அக்கா வருது? கால் போச்சு அக்கா,” என்பார்கள். அவளும் “வந்துடும், வந்துடும்” என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிருந்தாள்.

அவளும் அன்று ஒர்க்‌ஷாப்பில், ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் பின்வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து காகிதத்தில் சுற்றிய எதையோ எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். பிரித்தாள். ஒரு பழைய பிஸ்டன். அதன் தலையில், விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டையின் விளிம்பு உருகி வழிந்து உறைந்திருந்தது.

“இத அண்ணன்கிட்ட நான் காட்டல அக்கா. பிஸ்டன் தேஞ்சுபோச்சுன்னுதான் சொன்னேன்.”

“இது எப்படி தம்பி ஆச்சு?”

“பெட்ரோல் பத்தல. காத்து ஜாஸ்தி. அப்படி ஓடினா உள்ள சூடு ஏறி ஏறி இப்படி உருகிடும். திருகு இருக்க வேண்டிய இடத்துல இல்ல. ரொம்பக் குறைச்சு வச்சிருந்தாரு.”

“அவரா?”

“வேற யாரு அந்தத் திருகுல கை வைப்பா?” மெக்கானிக் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைக்க அழுக்கு எதுவும் இல்லை. “இது ஒரு நாள்ல ஆகுற விஷயம் இல்ல. மாசக்கணக்குல சத்தம் கொடுத்திருக்கும். தகர டப்பாவுல சின்னச் சின்ன ஆணியப் போட்டுக் குலுக்கின மாதிரி. அண்ணன் காதுக்கு அது தப்பிச்சிருக்கவே முடியாது. அதான் எனக்குப் புரியல. நானும் யாருகிட்டயும் சொல்லல. காதும் காதும் வச்ச மாதிரி உங்ககிட்டதான் கேக்குறேன்.”

அவள் பிஸ்டனைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினாள்.

“எனக்குக் கேட்டுச்சு,” என்றாள்.

“எது?”

“அந்தச் சத்தம். எதிர்க்கரைய நெருங்கறப்ப கேக்கும். ரெண்டு மாசமாக் கேட்டுச்சு.”

மெக்கானிக் பொட்டலத்தை வாங்கி மறுபடி அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். சாயம் காயவில்லை என்று குறைபட்டுக்கொண்டே படகுக்காரர் திரும்பி வந்தார்.

*

அவருக்கு முதலில் கேட்காமல் போனது குக்கர் விசில். அடுப்பைத் தாண்டி நடந்துகொண்டே “இன்னும் விசில் வரலையா?” என்று கேட்டார், அது ஊதிக்கொண்டிருக்கும்போது. விளையாடுகிறார் என்று நினைத்தாள். அப்புறம் போனில் மகளுடைய குரல். “வீட்டுல போய்ப் பேசு, அங்க லைன் சரியில்ல” என்று மகளையே குறை சொல்வார். இரண்டு வருடத்தில் அவர் நிறையப் பேசுகிறவராக மாறியிருந்தார். முன்பெல்லாம் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். இப்போது வாய் மூடுவதில்லை. இதற்கு என்ன காரணம் என்று அவள் வெகுநாள் யோசித்துக் கண்டுபிடித்திருந்தாள். பேசிக்கொண்டேயிருக்கிறவரிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அவள் எதுவும் சொல்லவில்லை. படகில் யாராவது அவரைக் கூப்பிட்டால், தானே பதில் சொன்னாள். பின்னாலிருந்து வேறு படகு வந்தால், சும்மா நகர்கிறமாதிரி அவர் பக்கம் போய், அந்தத் திசையில் பார்த்தாள். அவரும் பார்ப்பார். இப்படியே ஓடியது. ஊர் முழுக்கக் காதண்ணன் என்று கூப்பிடுகிற மனிதரிடம், உனக்குக் காது கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அந்தச் சத்தம் வந்தபோதும் அப்படித்தான் இருந்தாள். ஒருவேளை அவருக்கும் கேட்கும், பார்த்துக்கொள்வார் என்று முதல் வாரம் நினைத்தாள். பிறகு, கேட்கவில்லை என்று தெரிந்துபோனது. சொன்னால் இதைப்பற்றி மட்டும் சொன்னதாக இருக்காது, எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் மென்று விழுங்கினாள். ஒரு மாலை, நடு ஆற்றில், இருபத்துமூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது எஞ்சின் ஒரு இருமல் இருமி, நீலப்புகையைக் கக்கி நின்றது. நீரோட்டம் படகைப் பாலத்தூண் பக்கம் இழுத்துப்போனது. பெண்கள் சத்தம்கூடப் போடவில்லை. சாப்பாட்டுத் தூக்குகளை மடியில் இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். வேறொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்தபோது தூணுக்கும் அவர்களுக்கும் இடையே பத்தடிகூட இல்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவள் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச்சொல்ல அதில் பலம் குறைந்துகொண்டே வந்தது.

*

அன்று சாயங்காலம் மழைக்கு முந்தின புழுக்கம். தகரக் கூரை காலையிலிருந்து வாங்கிய வெயிலை இறக்கிக்கொண்டிருந்தது. பொரித்த மீனும் சோறும் வைத்தாள். அவர் தட்டைத் தொடாமல் பேசினார்.

“அந்த நீலப் படகுக்காரன் இன்ஜெக்‌ஷன் போட்டான்ல? என்ன ஆச்சு? நடுவுல நின்னுச்சு. மூடியத் திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் ஒயரு. ஒயரு இவன முறைக்குது, இவன் ஒயர முறைக்கிறான். லேப்டாப்ப வச்சுக்கிட்டு ஒருத்தன் வந்துசேர மூணு நாள். வந்தவன் என்ன பண்ணான்? ஏதோ ஒரு சென்சாரக் கழட்டி, துருவத் துடைச்சு, மறுபடி மாட்டிட்டுப் போயிட்டான். இதே கார்புரேட்டரா இருந்தா? ஒரு கம்பி. வாயால ஒரு ஊது. முடிஞ்சுபோச்சு.”

அவர் சொன்னது பொய்யில்லை. அவளுக்கும் தெரியும். எத்தனையோ தடவை அவர் ஆற்றின் நடுவிலேயே கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, மாட்டி, வேலைக்குப் போகிறவர்கள் தாமதமாகாமல் கரை சேர்த்திருக்கிறார்.

“இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?”

“அதான் சொல்றேன். முழுசா மூணு நாள்.”

அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். வந்து அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தார். இப்போதெல்லாம் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“ஒரு சத்தம்…” என்று ஆரம்பித்தாள்.

“சத்தமா?” அவர் தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தார். “ஆமா. தூற ஆரம்பிச்சிடுச்சு போல.”

ஜன்னலுக்கு வெளியே தெரு காய்ந்து கிடந்தது. காற்றுக்கூட இல்லை.

“ஆமா,” என்றாள் அவள். “மழை.”

“பெய்யட்டும். கொஞ்சம் குளிரும்.” அவர் திருப்தியாக மீனைப் பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

*

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். மெக்கானிக் பழைய கார்புரேட்டரையே எஞ்சினின் மேல் உட்காரவைத்திருந்தார். தண்ணீர் சுற்றுவதற்கு ஒரு குழாய், பெட்ரோலுக்கு ஒரு கேன்.

“முழுசா முடுக்கல அண்ணே. ஓட்டிப் பாப்போம்னுதான். நீங்களே செட் பண்ணுங்க.”

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். கணவரின் காதைச் சோதிக்கத்தான் மெக்கானிக் இப்படிச் செய்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கோபப்படவும் முடியவில்லை.

எஞ்சின் பிடித்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அந்த உறுமலைக் கேட்டதும் அவள் நெஞ்சு ஒருகணம் லேசானது. படகுக்காரர் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் துடைத்து, எஞ்சின் மேல் வைத்து, காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மெக்கானிக் திருகைச் சரியான இடத்தில்தான் வைத்திருந்தார். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே கேட்டது.

“மந்தமா இருக்கு,” என்றார் படகுக்காரர். “பெட்ரோல் ஜாஸ்தி.” திருகை உள்ளே கால் சுற்று திருப்பினார். கேட்டார். தலையை ஆட்டினார். இன்னொரு கால் சுற்று.

மெக்கானிக் அவள் பக்கம் நகர்ந்து மெதுவாகச் சொன்னார்: “எல்லாமே அவருக்கு மந்தமாத்தான் கேக்குது அக்கா. அதனாலதான் குறைச்சுக்கிட்டே போயிருக்காரு.”

இன்னும் ஒரு கால் சுற்று. எஞ்சின் நடுநடுவே ‘ப்சு’ என்று தும்ம ஆரம்பித்தது. அவர் ஆக்ஸிலரேட்டரை ஏற்றிப் பிடித்தார். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. சின்ன ஆணிகள்.

“இப்ப பாரு,” என்றார் அவர், முகமெல்லாம் மலர்ந்து. “இப்ப எப்படி இருக்கு? கண்ணாடி மாதிரி.”

மெக்கானிக் தரையைப் பார்த்தார். அவள் போய்ச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது.

“ஏய், எதுக்கு நிறுத்தின?”

அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“நல்லா இல்ல. தும்முது. உள்ள டக்கு டக்குனு அடிக்குது.”

“எங்க அடிக்குது? எனக்குக் கேக்கலையே.”

“எனக்குக் கேக்குது. போன தடவையும் கேட்டுச்சு. எஞ்சின் போறதுக்கு முன்னாடி, ரெண்டு மாசம் கேட்டுச்சு.”

அவர் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் அலமாரிக்குப் போய்க் காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் பிரித்துப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டு, விளிம்பைச் சுற்றித் தடவினார். இருபத்திரண்டு வருடம் எஞ்சினோடு புழங்கியவருக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழாய்த் தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டேயிருந்தது. யாரும் அதை மூடவில்லை.

“ரெண்டு மாசமா?” என்றார்.

“ஆமா.”

“இருபத்துமூணு பேரு இருந்தாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்லுவேன்? சொன்னா உங்களுக்குக் காது கேக்கலன்னு சொன்ன மாதிரி ஆயிடும்ல. அதுக்குப் பயந்துதான்… நீங்க தாங்கமாட்டீங்கன்னு நினைச்சேன்.”

அவர் பிஸ்டனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“காது போனது எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். “மொத நாள்லயே தெரியும். குக்கர் மூடி ஆடுது, சத்தம் வரல. அப்பவே தெரியும். உனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“அப்புறம் எந்தத் தைரியத்துல படகு ஓட்டுனீங்க?”

“உன்னப் பாத்துதான்.”

அவளுக்குப் புரியவில்லை.

“எஞ்சின்ல ஏதாவது சத்தம் மாறினா உன் மூஞ்சி மாறும். கல்யாணமான நாள்ல இருந்து பாக்குறேன், சின்னதா ஒரு சத்தம் வந்தாலும் நெத்தியச் சுருக்குவ. அத வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். திருகத் திருப்பிட்டு உன்னத் திரும்பிப் பாப்பேன். நீ சும்மா இருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம்.” அவர் நிமிர்ந்தார். “அந்த ரெண்டு மாசமும் தினம் பாத்தேன். நீ மூஞ்சிய மாத்தவே இல்ல.”

அந்த இரண்டு மாதமும் சத்தம் வருகிறபோதெல்லாம், அவர் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தை எத்தனை பாடுபட்டு அசையாமல் வைத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மெக்கானிக் வெளியே போய்த் தண்ணீரை மூடினார். வர நேரம் எடுத்துக்கொண்டார். மூன்று டம்ளர் டீயோடு வந்தார்.

“கார்புரேட்டரே இருக்கட்டும்னாலும் வழி இருக்கு அண்ணே,” என்றார் மெக்கானிக், டம்ளரைப் பார்த்தபடி. “முள்ளு வச்ச மீட்டர் ஒண்ணு மாட்டலாம். காதே வேண்டாம், கண்ணால பாத்துத் திருப்பிக்கலாம். இல்லன்னா அக்கா கேட்டுச் சொல்லட்டும். அவங்க காது உங்களவிட…” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அதுவும் சரிதான்,” என்றார் படகுக்காரர். “இவ கேட்டுச் சொல்லட்டும், நான் திருப்புறேன்.”

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அந்த யோசனை அவர்களுக்குப் பிடித்திருந்தது தெரிந்தது. பழைய கார்புரேட்டரும் இருக்கும், அவர் கையில் ஸ்குரூ டிரைவரும் இருக்கும்.

“முடியாது,” என்றாள் அவள்.

“என்ன முடியாது?”

“என்னால இனிமே கேக்க முடியாது. ரெண்டு வருஷமா நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். யாரு கூப்பிடுறா, எந்தப் படகு வருது, எஞ்சின் என்ன சொல்லுது, போன் அடிக்குதா, கதவு தட்டுறாங்களா. தூங்கறப்பகூட ஒரு காது முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கு. நான் அசந்துட்டேன். எஞ்சினாவது தன்னைத்தானே பாத்துக்கட்டும். இன்ஜெக்‌ஷனே போடு தம்பி.”

“ஒயரு துருப்பிடிச்சா?” என்றார் அவர். “மூணு நாள் நிக்கும்.”

“நிக்கட்டும். மூணு நாள் பஸ்ல போவாங்க. தூணுல மோதுறதுக்கு அது பரவாயில்ல.”

அவள் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் தோளில் கை வைத்தாள்.

“சக்கரத்த நான் பிடிக்கிறேன். என்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல.”

ஒன்பது வருடத்துக்கு முன், படகில் இரண்டு பேரிடமாவது லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவர்தான் அவளைக் கூட்டிப்போய் எடுக்கவைத்தார். ஆள் இல்லாத நேரத்தில் அவள் நூறு தடவையாவது ஓட்டியிருப்பாள். ஆளோடு ஓட்டியதில்லை.

அவர் வெகுநேரம் கார்புரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தானே அதன் நான்கு நட்டுகளையும் கழற்றினார். கழற்றிய நட்டுகளைத் தொலையாமலிருக்க அதன் வாய்க்குள்ளேயே போட்டு, மெக்கானிக்கிடம் நீட்டினார்.

“யாருக்காவது ஆவும். வீசிடாத.”

*

பதினாறு நாள் கழித்துப் படகு தண்ணீரில் இறங்கியது. காலை ஆறரைக்குக் கரையில் கூட்டம் நின்றது. பெண்கள் ஏறும்போதே புதுச் சாயத்தில் கை வைத்துப் பார்த்து, “ஊசி போட்டாச்சா அக்கா? வலிச்சுதாமா?” என்று கேலி பேசினார்கள். அவள் சக்கரத்தின் முன்னால் நின்று சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எதையும் இழுத்துவிட வேண்டியதில்லை, குனிந்து கேட்க வேண்டியதில்லை. கை சும்மா இருப்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. உடம்பில் எங்கோ வெகுநாளாக முறுக்கிவைத்த ஒன்று மெல்லத் தளர்வதும் தெரிந்தது. அது சந்தோஷமா, வெறும் களைப்பா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

அவர் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றார். பை அவருக்கு உயரத்தில் தொங்கியது. வாரை நீட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. முதல் பெஞ்சிலிருந்தவர்களுக்கு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மழையைப்பற்றி, ஆற்றின் மட்டத்தைப்பற்றி, சாயக்கடைக்காரன் ஏமாற்றியதைப்பற்றி.

இரண்டாவது பெஞ்சில், கொட்டகையில் பெட்டிக்கு ஆணி அடிக்கிற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் குனிந்து தூக்கை மூடியபடியே ஏதோ கேட்டாள். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு நகரப் போனார். ஓரடி எடுத்துவைத்தவர் நின்றார். சக்கரத்தின் முன்னாலிருந்து அவள் இதை ஓரக்கண்ணால் பார்த்தாள். பதில் நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

அவர் திரும்பி வந்து அந்த அம்மாளின் முன்னால் குனிந்தார்.

“எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல,” என்றார். எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு உரக்கத்தான் சொன்னார். அவருக்குத் தன் குரலின் அளவு தெரியவில்லை. “என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

எஞ்சின் தன்பாட்டில் ஓடியது.

“அது தெரியுமே,” என்றாள் அந்த அம்மாள் நிமிர்ந்து. “ரெண்டு வருஷமா எங்க எல்லாருக்கும் தெரியும்.”

அவர் அந்த அம்மாளின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். “எல்லாருக்குமா?”

சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். சிலர் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

“பின்ன ஏன் ஒருத்தரும் சொல்லல?”

“நீங்க எங்க பேசவிட்டீங்க?”

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்தது. பிறகு பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

“சரி, இப்பப் பேசு,” என்று அந்த அம்மாளின் எதிரே, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். “என்ன கேட்ட?”

“சாயங்காலம் அஞ்சரைக்கு வருவீங்களா, இல்ல ஆறான்னு கேட்டேன்.”

அவர் அந்த அம்மாளின் உதடுகள் அசைந்து முடிகிறவரை காத்திருந்தார்.

“அத அங்க கேக்கணும்,” என்று சக்கரத்தின் பக்கம் கையைக் காட்டினார். “இப்ப ஓட்டுறது அவ.”